வெர்லின் வீட்டு வாசல் விற்பனை

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த லாங்டன் அம்மாளால் என் அண்ணன் வெர்லினின் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. கதவுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால் அது பாதிக்குமேல் திறக்காது. கூடத்தில் ஓர் ஆள் நடக்க மட்டும் சந்து விட்டிருந்தான். இரண்டு பக்கமும் மார்பளவுக்குச் சாமான்கள்: மேசை விளக்குகள், தூண்டில் கழிகள், ரேடியோக்கள், முகம் தெரியாத யார் யாருடையதோ கல்யாணப் போட்டோக்கள். பின்பக்கப் படுக்கையறையின் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அந்த அறையில்தான் பேத்திகள் தூங்குவார்கள் என்று என் அண்ணி கொரீன் அவளிடம் போனில் சொல்லியிருந்தாள்.

லாங்டன் அம்மாள் கெட்டவள் இல்லை. வாசலுக்கு வந்து நின்று, தோளில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள்.

"திங்கட்கிழமை மறுபடியும் வர்றேன் மிஸஸ் ஸ்டக்கி. அந்த ரூம்ல ரெண்டு கட்டில் போட்டிருக்கணும். முன்வாசல்ல இருந்து பின்வாசலுக்குத் தடங்கல் இல்லாம நடக்க முடியணும். இல்லேன்னா புதன்கிழமை ஜட்ஜ்கிட்ட நான் வேற மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கும்."

"வேற மாதிரின்னா?" என்றாள் கொரீன்.

"ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்க ஆள் கிடைக்கல. பெரியவளுக்கு ஒரு குடும்பம் பாத்திருக்கோம். சின்னவளுக்கு வேற ஊர்ல ஒண்ணு."

கார் போன பிறகு கொரீன் எனக்கு போன் செய்தாள். நான் அப்படியே கிளம்பிப் போனேன்.

அண்ணன் மகள் ஷானா போதை மாத்திரைப் பழக்கத்தில் விழுந்த வருடங்களில் அந்த வீட்டில் ஒரு பொருள் தங்காது. டிவி போகும், துளைபோடும் மெஷின் போகும், கொரீனின் காதுத்தோடு போகும். எல்லாவற்றையும் விற்றுவிடுவாள். அவள் எடுத்துக்கொண்டு போகப் போக, வெர்லின் கொண்டுவந்து நிரப்ப ஆரம்பித்தான். எங்கள் தெற்கு இந்தியானாவில் வசந்தம் பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் யாராவது வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். வெர்லின் எதையும் விடமாட்டான். ஷானா சிறைக்குப் போனாள், திருட்டு நின்றது. அவன் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ஷானாவின் பெண்கள் மேசியும் குட்டி ஓப்பலும் நல அலுவலகம் ஏற்பாடு செய்த தெரியாதவர்கள் வீட்டில் வளர்ந்தார்கள். இவர்கள் வீட்டில் ரேடியோக்கள் வளர்ந்தன.

"பெரிய குப்பைத்தொட்டி வாடகைக்கு எடுத்து எல்லாத்தையும் கொட்டிடலாம்," என்றேன்.

வெர்லின் சமையலறைச் சந்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டினான். "குப்பையில போட விடமாட்டேன். நல்ல சாமான் ரோவீனா, எல்லாம் ஓடுற சாமான். விக்கலாம். வித்துக்கோங்க."

அதற்கு அவன் சம்மதித்ததே பெரிய விஷயம். கொரீன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சர்ச்சிலிருந்து மடக்கு மேசைகள் கொண்டுவந்தோம். ரோட்டில் வைக்கும் அறிவிப்பு அட்டைகளில் நான் பூப்போட்டு விவரம் எல்லாம் எழுதினேன். வெர்லின் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஓடுற வண்டியில இருந்து எவன் இந்தக் கதையெல்லாம் படிப்பான்? 'விற்பனை'ன்னு பெருசா எழுது. கிழமை, ஒரு அம்புக்குறி. போதும். நாலு ரோடு சேர்ற இடத்துல ஒண்ணு, ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒண்ணு. வழியில அம்பு நின்னுபோச்சுன்னா ஜனம் திரும்பிடும்."

அவன் சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. ஆம்பளைங்க பார்க்கிற கருவி, தூண்டில் எல்லாம் ரோட்டோரம் வை, புருஷன் வண்டியை நிறுத்தினால்தான் பொண்டாட்டி இறங்குவாள். துணிமணியைத் தரையில் போடாதே, கொடியில் மாட்டு. விலை எழுதாத பொருளை வெட்கப்படுகிறவன் கேட்கவே மாட்டான். மின்சாமான் மேசைக்கு வீட்டிலிருந்து வயர் இழுத்துவிடு, ஓட்டிப் பார்த்துதான் வாங்குவார்கள். சில்லறை முன்கூட்டியே வாங்கி இடுப்பில் கட்டிக்கொள், பெட்டியில் வைக்காதே. கேட்கக் கேட்க கொரீனின் முகம் தெளிந்தது. இவன் நம் பக்கம்தான் என்று நினைத்தாள். நானும்தான்.

சனிக்கிழமை, சூரியன் வரும் முன்பே டார்ச்லைட்டோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் எப்போதும் முதல் ஆளாக வருவார்கள். வெளிச்சம் வந்ததும் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். நான் கொரீனின் கையைப் பிடித்து அமுக்கினேன்.

முதலில் ஒரு பெண் மாவு கலக்கும் மெஷினைத் தூக்கினாள். வெர்லின் குறுக்கே வந்தான். "அது விலை தப்பா எழுதிட்டாங்கம்மா. அதுக்கு நாலு மடங்கு."

"அட, கடையில புதுசு அதைவிட மலிவுய்யா!"

"அப்போ கடைக்கே போங்க."

தையல் மெஷின் கேட்ட கிழவனிடம் அது பரிசாக வந்தது என்றான். ரேடியோ கேட்ட தம்பதியிடம் உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறது என்றான். கொரீன் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவன் பின்னாலேயே ஓடினாள். "எழுதியிருக்கிற விலைக்கே எடுத்துக்கோங்க, பாதிக்கு எடுத்துக்கோங்க, அவர் சொல்றதைக் கேக்காதீங்க." ஜனங்கள் இவள் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டு, புருஷன் பொண்டாட்டி சண்டை நடக்கிற இடம் என்று மெல்ல நழுவினார்கள்.

ஒரே ஒருவன் மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தான். டோர்சி, வெர்லினோடு மீன் பிடிக்கப் போகிறவன். கருவிப் பெட்டி, விளக்குகள், தையல் மெஷின்கள் என்று கை வண்டியில் ஏற்றி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைப் பக்கம் கொண்டுபோனான். கொரீன் அவனுக்கு ஹாம் சாண்ட்விச்சும் ஐஸ் டீயும் கொடுத்தாள். "உனக்குப் புண்ணியமாப் போகும் டோர்சி," என்றாள். அவன் தரையைப் பார்த்தான்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தூறிவிட்டு வராது, மொத்தமாகக் கவிழ்க்கும். கார்கள் போய்விட்டன. கொடியில் தொங்கிய கோட்டுகள் தண்ணீர் குடித்துக் கொடியை அறுத்துக்கொண்டு விழுந்தன. மேசைகளை மூட தார்ப்பாய் தேடிக் கொரீன் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். கொஞ்ச நேரமாக ஆளைக் காணோம் என்று நான் போனேன்.

வெர்லினின் பிக்கப் வண்டி அங்கே நின்றது. அவள் அதன் தார்ப்பாயை விலக்கியிருந்தாள். காலையில் டோர்சி வாங்கிய அத்தனையும் அதில் இருந்தது. கருவிப் பெட்டியின் மேல் கொரீனின் கையெழுத்தில் விலைச்சீட்டுகூட ஒட்டியபடியே இருந்தது.

அவள் கத்தவில்லை. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெர்லின் ஓடிவந்து எழுப்பப் பார்த்தான்.

"தொடாத," என்றாள். "டோர்சி கையில காசு கொடுத்து, நம்ம வீட்டு சாமானை நம்மகிட்டயே வாங்கினியா?"

"கொரீன், அது நல்ல சாமான், நான் வேணா கொட்டகையில…"

"இந்தச் சாமானையெல்லாம் நீயே வச்சுக்க வெர்லின். நான் போறேன். பெட்ரோல் பங்க் மேல ஒரு ரூம் இருக்குன்னு சொன்னாங்க. எனக்குப் புருஷன் இல்லேன்னு லாங்டன் அம்மாகிட்ட சொல்லிடறேன். ரெண்டு புள்ளைங்களைப் பிரிச்சு அனுப்புறதை நான் பாத்துட்டிருக்க மாட்டேன். உன் மேல ஆணையாச் சொல்றேன், மாட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் அவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. வெர்லின் வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மழை கண்ணாடியில் வழிந்தது. நான் பக்கத்து இருக்கையில் ஏறினேன்.

அவன் கேட்டான்: "குட்டி ஓப்பலுக்கு என் முகம் தெரியுமா ரோவீனா?"

"தெரியாது," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது பிக்கப் வண்டி ரோட்டோரம், பின்பக்கம் திறந்தபடி நின்றது. நனைந்த அட்டைகள் எல்லாம் போய்ப் புது அட்டைகள்: "பை நிறைய ஒரு டாலர்." வெர்லின் தாடியைக்கூடச் சிரைத்திருந்தான். கொரீன் அவனோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை; வீட்டுக்குள்ளிருந்து சாமான்களை எடுத்து எடுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சர்ச் விடுற நேரம் பாரு," என்றான் என்னிடம். "பாப்டிஸ்ட் சர்ச் ஆளுங்க மொதல்ல வருவாங்க. பையைக் கையில கொடுத்துடு. கையில பை இருந்தா மனுசனுக்கு ரொப்பத்தான் தோணும்."

அவன் சொன்னபடியேதான் நடந்தது. இப்படி ஒரு கூட்டத்தை அந்த ரோடு பார்த்திருக்காது. வெர்லின் ஒவ்வொருவரிடமும் பேசினான். "இதுக்கு ஒரு பெல்ட் மாத்தினாப் போதும். இது நல்லா ஓடும், கொஞ்சம் இரைச்சல் போடும், அவ்வளவுதான். தூக்கிட்டுப் போய்யா, உன் வண்டியில இன்னும் இடம் இருக்கே!" சில பொருள்களை நீட்டிவிட்டு விரலை எடுக்க மாட்டான், வாங்குகிறவர் லேசாக இழுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அடுத்த பையை எடுத்துக் கொடுத்தான். மாலையில் "பை நிறைய ஒரு டாலர்" அட்டையைத் திருப்பி "சும்மா எடுத்துக்கோங்க" என்று அவனே எழுதினான்.

பின்பக்க அறை கடைசியாகக் காலியானது. அதற்குப் பிறகுதான் தரையைப் பார்த்தோம். மூட்டைகளுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் எத்தனை காலம் ஒழுகியதோ, ஜன்னலடியில் தரைப்பலகை அழுகிப் பஞ்சுபோல் இருந்தது. கொரீன் கால் வைத்தாள், உள்ளே போய்விட்டது.

"முடிஞ்சுபோச்சு," என்றாள். காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள். "அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

வெர்லின் போனை எடுத்தான். "டோர்சி, ப்ளைவுட் வச்சிருக்கியா? கேள்வி கேக்காத, கொண்டா." டோர்சி வந்தான். கொரீனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் முழங்காலிட்டு அழுகிய பலகையைப் பெயர்க்கத் தொடங்கினான். ப்ளைவுட்டை வெட்ட அவர்களுக்கு ரம்பம் வேண்டியிருந்தது. எல்லா ரம்பத்தையும் விற்றுவிட்டோம். டோர்சி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தான்.

லாங்டன் அம்மாள் திங்கட்கிழமை வந்தாள். கதவு சுவரில் போய் முட்டும்வரை திறந்தது. முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நடந்தாள், திரும்பி நடந்தாள். பின்பக்க அறையில் புது ப்ளைவுட்டை ஷூ முனையால் அழுத்திப் பார்த்தாள்.

"இங்க என்ன ஆச்சு?"

"அழுகியிருந்தது," என்றான் வெர்லின். "நான்தான் அழுகவிட்டேன்."

அவள் தலையசைத்தாள். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. புதன்கிழமைவரை கொரீன் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஜட்ஜ் பேத்திகளை இவர்களிடம் மூன்று மாதத்துக்கு மட்டும் கொடுத்தார். கூரையைச் சரிசெய்ய வேண்டும், சொல்லாமல் ஆள் வந்து பார்க்கும், வெர்லின் வாராவாரம் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும், பிறகுதான் மேற்கொண்டு முடிவு. அதற்கே கொரீன் நீதிமன்றப் படியில் உட்கார்ந்து அழுதாள். வெர்லின் கொஞ்சம் தள்ளி நின்றான். அவள் இன்னும் அவனோடு சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் எழுந்தபோது அவன் கையைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

பெண்கள் வந்த அன்று ஓப்பல் காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள். இருக்கையைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். வெர்லின் கார் கதவுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டான். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை, அங்கேயே இருந்தான். மேசி மட்டும் உள்ளே போனாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். வெறும் தரையில் அவள் செருப்புச் சத்தம் எதிரொலித்தது. திரும்பி வந்து கொரீனிடம் கேட்டாள்:

"நீங்க இப்பத்தான் இந்த வீட்டுக்குக் குடி வந்தீங்களா?"

கொரீன் என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "இப்பத்தான்."