சாம்பிராணி போட்ட வீடு

"ரபீக்காக்கு ஆஸ்துமா. கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும். அதான் உள்ளுக்குப் படுத்திருக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் அலியாருக்குத் தன் வாயில் தானே அடிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டு மண்டபம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. எதிரே கதிரையில் இருந்த ஆளின் மூக்கைத் தேட வேண்டிய அளவுக்குப் புகை.

பெண் கேட்டு வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் ஜெமீலா நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "புகை ஒத்துக்கொள்ளாத ஆள் இருக்கிற வீட்டிலயா காக்கா இவ்வளவு சாம்பிராணி?"

"நுளம்புக்கு, கடி தாங்க ஏலாது" என்றார் அலியார்.

"பட்டப்பகல்லயா?" என்று சிரித்தார் அவளுடைய தம்பி ஸஹாப்தீன். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இரும்புக்கடை வைத்திருப்பவர். "கிண்ணியா நுளம்புக்கு மட்டும் ஊரடங்கு இல்லப் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அலியாரும் சிரித்தார்.

புகை நுளம்புக்கில்லை. உள்ளறையில் அவர் மனைவி ரபீக்காவின் இடது மார்பில் கட்டி உடைந்து புண்ணாகி நாறிக்கொண்டிருந்தது. அது சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே அவள் சொன்னாள். பொத்தி வை என்றவர் அலியார். ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கிறவனே ஊர்க்காரன். காலையில் காட்டினால் அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் முழுக்கக் கதையாகிவிடும். வீட்டில் கலியாணம் பேசும் குமர்ப்பிள்ளை. அந்த வருத்தம் உள்ள வீட்டில் எவனும் சம்பந்தம் வைக்கமாட்டான். இரத்தத்தில் ஓடுமாம், பேரப்பிள்ளைக்கும் வருமாம். நோயின் பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்வது மாதிரி அதை 'அந்த வருத்தம்' என்றே சொல்வார்கள். இப்படி மூடி மூடியே ஊரில் எத்தனை பெண்கள் செத்து மையத்தானார்கள் என்று அலியாருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். "நிக்காஹ் முடியட்டும் புள்ள, அடுத்த நாளே கொழும்புக்குக் கூட்டிப் போறன்" என்றார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஏசியிருந்தால் அவருக்கு இவ்வளவு கனத்திருக்காது.

மகள் ஸல்ஹா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து முடித்தவள். சுவீடனில் ஒரு பல்கலைக்கழகம் அவளைக் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குத் தெரிந்தெடுத்திருந்தது. படிப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. படிக்கிற காலம் முழுக்க அவர்களே சம்பளமும் தருவார்கள். "படிக்கிறதுக்குச் சம்பளமோ? உலகத்துல எவன் சும்மா தாறான்? கிட்னியக் கழட்டுவானுகள்" என்று அலியார் முதலில் நம்பவில்லை. எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டபோது அவள் அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"நீங்க பேர் சொல்லாத வருத்தம்தான் வாப்பா. புற்றுநோய். உடம்புல ஒரு கலம், செல் எண்டுவாங்களே, அது ஏன் அடங்காமப் பெருகுது எண்டு பாக்கிறது. ஆனா உம்மாவ டொக்டரிட்டக் காட்டாம நான் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டன்."

மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்தச் சுவீடன்தான் வேண்டியிருந்தது. பெண்ணோடு புருசனும் போகலாம். ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பிடிபட்டு வந்த மாப்பிள்ளைப் பொடியன் இந்தச் சண்டையிலிருந்து தப்பிவிடுவான்.

"அது சரி, புள்ள அங்க என்ன படிக்கப் போறா?" என்று கேட்டாள் ஜெமீலா.

"பழம்" என்றார் அலியார். "பழம் எப்பிடி அழுகுது எண்டு."

"அதுக்குச் சுவீடனுக்குப் போகணுமா? நம்மட சந்தைக்குள்ள நிண்டாக் காணுமே!" என்றார் ஸஹாப்தீன்.

திரைச்சீலை விலகியது. ஸல்ஹா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"பழமில்ல மாமி. புற்றுநோய். உம்மாக்கு மார்புல இருக்கு. புண் மணக்குது எண்டுதான் இந்தச் சாம்பிராணி. உம்மாவ மூடி வச்சிட்டு அந்த நோயப் படிக்க எனக்கு ஏலாது."

ஸஹாப்தீன் குடிக்காத தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "எழும்புங்க ராத்தா. துறையில பாதைப் படகு ஓட்டம் நிக்கிறதுக்குள்ள அக்கரைக்குப் போயிடணும்."

மகளை அறைய அலியாரின் கை எழும்பியது. அப்போது உள்ளே ரபீக்கா முனகினாள். ஆள் வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பவள், இன்றைக்குத்தான் வாய்விட்டு முனகினாள். கை தானாக இறங்கியது.

"நோயாளியப் பாக்காமப் போறது சரியில்ல" என்று சொல்லி ஜெமீலா உள்ளறைக்குப் போனாள். ஸல்ஹா பின்னால் போனாள். என்ன சொல்லிக் குத்தப் போகிறாளோ என்ற பயத்தில் அலியாரும் போனார். வாசலில் கால் நின்றுவிட்டது.

ஜெமீலா ஸல்ஹாவின் கையைப் பிடித்துத் தன் சேலைத் தலைப்புக்குள், கக்கத்துக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கல்லு மாதிரிக் கிடக்கு மகள். நோவில்ல. நோவில்லாட்டி ஒண்டுமில்லத்தானே?"

"உம்மாக்கும் நோவில்லாமத்தான் தொடங்கினது மாமி. சுணங்காதீங்க, உடனே காட்டுங்க."

"எப்பிடிக் காட்ட? வீட்டில ரெண்டு குமர் நிக்குது. அதுகள் கரையேறட்டும். ஆரிட்டயும் சொல்லிப்போடாத புள்ள, உன்ன அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன்."

பாயில் கிடந்த ரபீக்கா கண்ணைத் திறந்து ஜெமீலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலியார் வாசலிலேயே நின்று கேட்டார். அவ்வளவும் அவர் ரபீக்காவிடம் சொன்ன கதை. எழுத்துப் பிசகாமல், இன்னொரு வீட்டுப் பொம்பிளையின் வாயிலிருந்து வந்தது.

ஜெமீலா வெளியே போனதும் மகளிடம் சொன்னார்: "உம்மாட உடுப்ப எடுத்து வை. சுவீடன்காரனுக்கும் வாறன் எண்டு அறிவி."

வாசல் படலையடியில் ஸஹாப்தீன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நல்ல காலம், இப்பவே தெரிஞ்சுது. அந்த வருத்தக் குடும்பத்தில மாட்டியிருப்பம். என்ன ராத்தா?"

"ஓம், ஓம்" என்றாள் ஜெமீலா.

"தங்கச்சி" என்று ஜெமீலாவைக் கூப்பிட்டார் அலியார். "நாளைக்கு விடிய நாங்க கொழும்பு பஸ்ஸில போறம், பெரியாஸ்பத்திரிக்கு. வழியில ஆமிக்காரன் எத்தின தரம் இறக்கி ஏத்தினாலும் போய்த்தான் தீருவம். உங்களுக்கும் அங்க ஏதும் அலுவல் இருந்தா, எங்களோட வாங்க."

"எங்களுக்கென்ன அலுவல் அங்க?" என்று ஸஹாப்தீன் முறைத்தார்.

ஜெமீலா அலியாரைப் பார்த்தாள். அறையில் சொன்னதை அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது. முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு அலுவலும் இல்ல காக்கா" என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு முந்தித் துறையை நோக்கி நடந்தாள்.