பாண்டித்துரைக்குத் தொப்பை போட வைத்தேன்

இப்போது உள்ள ஆட்களுக்கு வாயையும் மூட முடியாது, வயிற்றையும் கட்ட முடியாது. டிசம்பர் மாசம் முழுக்கத் தின்கிறான்கள். கேக் என்கிறான், பாலப்பம் என்கிறான், இறைச்சி வறுவல் என்கிறான். ஜனவரி பிறந்ததும் புது ஷூவை மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு நடக்கிறான்கள். நடந்து முடித்த கையோடு அங்கேயே கடையில் நின்று மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி தின்கிறான்கள். கையில் கட்டியிருக்கிற வாட்ச், எத்தனை அடி நடந்தான் என்று சொல்லுமாம். எத்தனை பழம்பொரி தின்றான் என்று சொல்லுகிற வாட்சை எவனும் வாங்கக் காணோம்.

இந்த வருஷம் நானும் நடந்தேன். உடம்புக்காக இல்லை. பழி வாங்கத்தான்.

என் பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரி மார்க்கெட்டுக்கு உள்ளி வியாபாரத்துக்கு வந்தவன். இங்கேயே தலை நரைத்து, கொச்சங்காடியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரி பாக்கியலக்ஷ்மி. அடுத்த வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறவன் பாண்டித்துரை. கட்டட வேலைக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி. சிவகாசிப் பக்கத்துக்காரன். மலையாளம் இன்னும் அவன் நாக்கில் ஒட்டவில்லை. ஆள் துடைப்பக்குச்சி. அந்தக் குச்சி உடம்பில் அவனுக்கு அப்படி ஒரு திமிர். நாலு பேர் நிற்கிற இடத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றில் தட்டிக் காட்டுவான். "பலகை அண்ணாச்சி, பலகை!"

கிறிஸ்மஸுக்கு எங்கள் சந்து கிளப்பில் கரோல் போவார்கள். எல்லா ஜாதி மதத்தானும் அதில் உண்டு. ஒருவன் சிவப்பு அங்கி போட்டு, தாடி வைத்த முகமூடி மாட்டி, கிறிஸ்மஸ் பாப்பாவாக முன்னால் ஆடிக்கொண்டு போக வேண்டும். பாப்பா என்றால் வயிறு வேண்டும். கிளப் செக்ரட்டரி பைலி சேட்டன், வயிற்றில் வைத்துக் கட்ட ஒரு தலையணை வேண்டுமே என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"தலையணை எதுக்கு சேட்டா?" என்றான் பாண்டித்துரை. "நம்ம இசக்கி அண்ணாச்சி இருக்காருல்ல. அவரு பொறக்கும்போதே தலையணையோட பொறந்தவரு."

சந்தே சிரித்தது. எதிர்வீட்டுக் கமலாக்ஷி சேச்சி மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதெல்லாம் போகட்டும். எங்கள் வாசலில் நின்ற பாக்கியமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கியை என் தலையில் மாட்டிவிட்டார்கள். போகிற வீட்டில் எல்லாம் பிள்ளைகள் வந்து என் வயிற்றில் விரலால் குத்திப் பார்த்தன. "அம்மே, இது ஒறிஜினலா!" என்று ஒரு குட்டி உள்ளே ஓடிற்று. வீட்டுக்கு வீடு கேக். முகமூடியைத் தூக்கி வாயில் திணித்தார்கள். பாப்பா வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம். நியூ இயர், கார்னிவல் எல்லாம் கழிந்து பார்த்தால், நான் எப்போதும் கட்டுகிற வேஷ்டி ஒரு சுற்றுக் குறைந்து போயிருந்தது. எல்லாம் அவன் வாயால் வந்தது.

அந்தச் சிரிப்பு அவன் மேல் திரும்ப வேண்டும். அதே சந்து, அதே ஆட்கள், அவன் வயிற்றைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

ஜனவரியில் பைலி சேட்டன் ஒரு போட்டி வைத்தார். கிறிஸ்மஸுக்கு ஏறின உடம்பை யார் அதிகம் இறக்குகிறான் என்று பார்க்க வேண்டும். கிறிஸ்தியானிகளின் அம்பது நோம்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முடிவு. அவர் கோடவுனில் குருமிளகுச் சாக்கு நிறுக்கிற தராசிலேயே எங்களையும் ஒவ்வொருவராக ஏற்றி நிறுத்தார். பாண்டித்துரையும் வந்து ஏறினான்.

"நினக்கு எந்து குறைக்கானா?" என்று கேட்டார் பைலி சேட்டன்.

"ஒண்ணும் இல்ல சேட்டா. சும்மா பக்கத்துல நின்னு காமிச்சா அண்ணாச்சிக்கு ஒரு ரோசம் வரும்ல."

மறுபடியும் சிரித்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. நான் இளைத்தால் மட்டும் போதாது. என்னிடம் குறைகிறது எல்லாம் அவனிடம் போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்திடம் சொன்னேன். "பாவம், அந்தப் பாண்டித்துரை தனியாக் கெடந்து ஓட்டல்ல திங்கான். நாளையிலேருந்து என் பங்கை அவனுக்குக் குடுத்துரு."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்குக் கஞ்சி போதும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பமாவது நல்ல புத்தி வந்துச்சே. அன்னைக்குச் சிரிச்சதை மனசுல வச்சிருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்."

நல்ல புத்தியாவது!

காலையில் புட்டு, கடலை, பப்படம், பழம். மத்தியானம் சோறும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும், கும்பளங்கியிலிருந்து வருகிற கரிமீன் பொரித்தது ஒன்றும். சாயங்காலம் உள்ளிவடை. ராத்திரிக்குக் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும். பாக்கியத்துக்குத் தேங்காய் கையில் எடுத்தால் அளவு தெரியாது, எண்ணெய்க்கும் அப்படித்தான். நானே தூக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கொடுத்துவிட்டு வந்தால் பாதியை மிச்சம் வைப்பான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ன வைத்தேன்.

"போதும் அண்ணாச்சி, நெஞ்சு வரைக்கும் நிக்குது."

"என்னலே போதும்? வேலை செய்யுத உடம்பு. இன்னும் ஒரு கரண்டி."

"ஒங்க பாசத்துக்கு நான் என்ன செய்யப் போறனோ."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். முழுங்கு."

நான் கஞ்சியும் பயறும் குடித்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன்சாயா குடித்தேன். விடியும் முன்னே எழுந்து ஜெட்டி வரைக்கும் நடந்தேன். திரும்பி வருகையில் கடையில் பழம்பொரி எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்கும். வயிறு பிடுங்கும். உடனே பாண்டித்துரை என் பங்குப் புட்டில் பழத்தைப் பிசைந்து வாய்க்குள் தள்ளுகிறதை நினைத்துக்கொள்வேன். பசி அடங்கிவிடும். டாக்டர்மார் என்னென்னவோ மருந்து எழுதுகிறார்கள். கோபத்தை எழுதித் தருகிற டாக்டரை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. முதலில் அவன் கன்னம் உப்பிற்று. பிறகு கழுத்து காணாமல் போயிற்று. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினான். ஒரு நாள் அவன் சட்டையில் தொப்புளுக்கு மேலே இருந்த பித்தான் தெறித்துப் போய், அந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது.

"சட்டை தண்ணியில சுருங்கிட்டு அண்ணாச்சி" என்றான்.

"கொச்சித் தண்ணி அப்படித்தான்" என்றேன்.

அன்று குடித்த கட்டன்சாயா எனக்குப் பாயசமாக இருந்தது. வயிற்றில் தட்டிக் காட்டுகிறதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான். பாக்கியம்தான் என்னைப் பார்த்துப் புலம்பினாள். "கன்னம் ஒட்டிப் போச்சே. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவமா?"

"நீ சும்மா கெட. அவனுக்கு முட்டை வச்சியா?"

முடிவு நாள் வந்தது. கோடவுன் வாசலில் சந்து முழுக்கக் கூடியிருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். "மேஸ்திரி முதல்ல ஏறட்டும்" என்றேன். அவன் ஏறினான். தராசுப் பலகை முனகிற்று. பைலி சேட்டன் கம்பியில் கல்லை நகர்த்தினார். கம்பி அசையவில்லை. இன்னும் நகர்த்தினார். இன்னும். எல்லாரும் அவன் வயிற்றைப் பார்த்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கமலாக்ஷி சேச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆஹா, பாண்டித்துரை நன்னாயிட்டுண்டல்லோ!"

"சரியாணு" என்றார் பைலி சேட்டன். "வந்நப்போ எந்தொரு கோலமாயிருந்நு! இப்போ நன்னாயி."

மலையாளத்தான் வழக்கம் இது. தடித்துப் போனவனைத் தடித்தான் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டான். நன்னாயி என்பான். அந்த வார்த்தைக்கு நன்றாக ஆகிவிட்டான் என்று அர்த்தம். சொல்லுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், உள்ளே இருப்பது தடி என்று. பாண்டித்துரைக்கு அது தெரியாது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்து போய் நின்றான்.

"ரொம்ப சந்தோசம் சேச்சி. எல்லாம் நம்ம அண்ணாச்சி வீட்டுச் சோறு."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். "ஏலே! அவங்க ஒன்னத் தடிச்சுப் போய்ட்டன்னு சொல்லுதாங்கலே!"

"நன்னாயின்னா நல்லா ஆயிட்டேன்னுதான அண்ணாச்சி? எனக்கும் இப்ப மலையாளம் தெரியும்ல."

"நீங்க சொல்லுங்க சேட்டா, அவனுக்குத் தடி கூடிச்சா இல்லியா?"

பைலி சேட்டன் கல்லைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தினா இசக்கீ அங்ஙனெ பறயுந்நது? அவன் நன்னாயி." ஏன் அப்படிச் சொல்லுகிறாய் என்று என்னையே கேட்கிறார்.

பாண்டித்துரை விடவில்லை. "தடிச்சதுக்குத்தான் நன்னாயின்னு சொல்றாங்கன்னா, கிறிஸ்மஸ்ல ஒங்களை ஒருத்தர்கூட அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி?"

அப்போது வந்தது சிரிப்பு. நான் காத்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. வந்து விழுந்தது என் மேல்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என்னைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். கல்லை இந்தப் பக்கம் நகர்த்தினார் பைலி சேட்டன். நகர்த்திக்கொண்டே இருந்தார். கமலாக்ஷி சேச்சி நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்யோ, இதெந்து பற்றி இசக்கி? ஆகெ க்ஷீணிச்சு போயல்லோ! ஷுகர் உண்டோ?"

வாடி வதங்கிப் போனேனாம். சர்க்கரை வியாதியாம். நான் இறக்கிய அளவு அங்கே எவனும் இறக்கவில்லை, பரிசு எனக்குத்தான். பரிசு என்ன தெரியுமா? வாத்து. உயிரோடு, காலைக் கட்டி. உடம்பைக் குறைத்தவனுக்கு வாத்து கொடுக்கிற ஊர் இது.

"கொண்டு போயி கறி வெச்சு தின்னு" என்று பைலி சேட்டன் என் கையில் பிடித்துத் தந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "சரீரம் ஒந்நு நன்னாகட்டே."

பாக்கியம் வந்து வாத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கின கையோடு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, மத்தியானம் வந்துரு. வறுத்து அரைச்சுக் கொழம்பு வைக்கேன்."

"வராம இருப்பனா மதினி!"

நான் இறங்கி நடந்தேன். "எங்க போறீங்க?" என்று பாக்கியம் கூப்பிட்டாள். சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

அவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். கமலாக்ஷி சேச்சி நிச்சயமாகச் சிரித்திருப்பாள். சிரிக்காமல் எப்படி இருப்பாள்? அவன் வயிற்றை நான் என் கண்ணால் பார்த்தேனே.