ஷைலா அழித்த வரி

ரயில் பங்காருபேட்டையைத் தாண்டும்போது தம்பி விநாயக் போட்டோ அனுப்பினான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் அம்மா தங்கம்மாவின் கட்டிலில் மாட்டியிருந்த தாள். 'ஆகாத மருந்து: எதுவுமில்லை' என்றிருந்தது. ரயிலில் இருந்த ஷைலா அதை இரண்டு தடவை படித்தாள். அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடும்.

அந்தத் தாள், அதே ஆஸ்பத்திரிக்காக ஷைலா வேலை பார்க்கும் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. கோபோல் என்ற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம். நேற்றுதான் அதிலிருந்து ஒரு வரியை அழித்திருந்தாள்.

முப்பத்தைந்து வருஷமாக யாரும் தொடாத வரி அது. எழுதியவரும் ஷைலாவைப் போல கோலார் தங்கவயல்காரர்தான்; பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் குறிப்பு வைத்திருந்தார்: 'கீழ இன்னும் ஆளுங்க கீறாங்க, கேஜைத் தூக்காதே.' கேஜ் என்றால் சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் கூண்டு. ஆபீஸில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, பயந்துகொண்டு விட்டுவைத்தார்கள். புரிந்த மகாராணி இவள் ஒருத்திதான். சுரங்கத்து ஆள் எவரோ கிண்டலுக்கு எழுதியது என்று சிரித்து, குறிப்போடு வரியையும் தூக்கிவிட்டாள்.

பழைய நோயாளிகளின் விவரம் ஒரு பதிவில் அடங்காமல் அடுத்த பதிவுக்கும் போகும். அதையும் படிக்கச் சொன்னது அந்த வரிதான்; 'கீழ இன்னும் ஆளுங்க' என்றது இதைத்தான் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் கார்டு எண்பத்தொன்பதில் போட்டது; பென்சிலின் விஷயம் அடுத்த பதிவில் இருந்தது. பத்து மணிக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்; அதற்கு முன்னால் ஊசி போடுவார்கள்.

மூன்று முறை அடித்தும் விநாயக் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தான்.

"ஊசி போட்டாங்களாடா?"

"இப்பதான் நர்ஸ் எத்துகினு வராங்க. இன்னாக்கா?"

"பென்சிலின் அம்மாவுக்கு ஆவாது. கையப் புடிச்சி நிறுத்து."

தாளில் அப்படி ஒன்றும் இல்லையே என்று நர்ஸ் வாதாடுவது கேட்டது. பிறகு ஊசியை எடுத்துப் போய்விட்டார்கள் என்றான். ஷைலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததே கூசியது. கம்ப்யூட்டர் ஷிஃப்டில் இருந்த எல்வினைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, ஆகாத மருந்துத் தாள்களை அனுப்பாமல் நிறுத்து என்றாள். எல்லா வார்டுக்கும் போய் ஒரு மணி நேரம் ஆகிறது என்றான் அவன். இவளை லைனில் வைத்துக்கொண்டே, இன்னொரு போனில் வார்டு வார்டாகக் கூப்பிட்டு ஊசிகளை நிறுத்தச் சொன்னான். முதல் ஆறு வார்டில் எடுத்தார்கள்.

"ஏழாவதுல எடுக்க மாட்றாங்க, ஷைலா."

"அங்க பழைய கார்டு எத்தினி?"

"பதினொண்ணு."

திரும்ப அடி என்றாள். அங்கே மணி அடிப்பது அவள் காதுக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை.