சாப்பாடு வரும் வரை

கிட்டார் வாசிப்பவர்களைப் பற்றி என்னிடம் யாரும் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தால் சண்டையில்தான் முடியும். எல்லாரும் சொல்கிற பெயர்கள் எனக்கும் தெரியும். டீவியில் வருகிறவர்கள், தலைமுடியைச் சிலுப்புகிறவர்கள், கொழும்பிலிருந்து லொறி நிறைய ஸ்பீக்கரோடு வந்து இறங்குகிறவர்கள். நல்லவர்கள்தான், இருக்கட்டும். ஆனால் பலாபத்வலயில் டயர் ஒட்டுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பதை இவர்கள் கேட்டிருக்கிறார்களா? வில்கமுவ பஸ்ஸில் ஏறுகிற ஒருவர், பாதிக் கம்பி அறுந்த கிட்டாரை வைத்துக்கொண்டு மிச்சக் கம்பியில் ஒரு முழுப் பாட்டைக் கொண்டு வருவதைக் கேட்டிருக்கிறார்களா? கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவார்கள்.

இந்த இருவருக்கும் மேலே ஒருவன் இருக்கிறான். யோகேந்திரன். பலாபத்வலவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருக்கிறான், பகலில் தோட்டத்து லொறி ஓட்டுகிறான். கல்யாண வீடுகளுக்குப் போகிற மூன்று பேர் கொண்ட கலிப்ஸோ குழுவில் அவன்தான் கிட்டார். பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போய், என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வாசிப்பது இவர்கள் வேலை. மேசையில் இருப்பவர்கள் பாடுகிறவனின் வாயைத்தான் பார்ப்பார்கள். படம் எடுத்தால் யோகேந்திரனின் பாதித் தோள் விழும். அவன் பெயரைக் கேட்ட ஒரு ஆளை நான் இதுவரை கண்டதில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் இடமும் பின்பக்கம்தான். என் பெயர் பவாஸ். அலுவிகாரையில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை, அதோடு கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டரும் லைட்டும் வாடகைக்கு விடுகிறேன். கரண்ட் போனால்தான் என் ஞாபகம் வரும் சனங்களுக்கு. அதுவரை மண்டபத்துக்குப் பின்னால், அடுப்புகளுக்கும் தண்ணீர் பீப்பாய்களுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். வாசிக்க வந்தவர்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு, கைகழுவி, வெற்றிலை போட்டுக் கிளம்பிய பிறகுதான் அவர்கள் முறை. மற்ற இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யோகேந்திரன் மட்டும் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யாருக்கும் இல்லாமல் வாசிப்பான்.

அது சினிமாப் பாட்டு இல்லை, ஆட்டம் போடவைக்கிற பைலாவும் இல்லை. தடித்த கம்பிகளில் கட்டைவிரல் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். மெல்லிய கம்பிகளில் மற்ற விரல்கள் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டது கிடைக்காமல் திரும்பவும் கேட்கும். பஸ் ஏற்றிவிடப் போனவன் பஸ் போன பிறகும் ஹோல்டிலேயே நிற்பானே, அந்த மாதிரி எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று நின்றுவிடும். மெட்டு ஏறி ஏறி ஓரிடத்துக்கு வரும். அங்கே விரல் ஒரு கணம் தயங்கும். இனி இறங்கப் போகிறது, கேட்டதற்கெல்லாம் பதில் இதோ வந்துவிட்டது என்று நான் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்துவிடும்.

ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் இல்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் இதே கதைதான். சோற்றுக் கோப்பையைக் கண்டதும் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழும்பிவிடுவான். பசித்தவனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கோப்பையைக் கொண்டுவருகிறவனின் கையைப் பிடித்து முறிக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

ஒருநாள் கேட்டே விட்டேன்.

“யோகன், அது என்ன பாட்டு?”

“எது நானா?” எங்கள் ஆட்களில் மூத்தவர்களை அண்ணன் என்பதற்குப் பதிலாக நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இப்ப வாசிச்சீங்களே.”

“ஐயோ, அது பாட்டில்லங்க நானா. பசிக்கு விரல் சும்மா இருக்க மாட்டேங்குது.”

போனில் பதிவுசெய்து பார்த்தேன். போனைக் கண்டால் அவன் கை தானாகச் சினிமாப் பாட்டுக்குப் போய்விடுகிறது. கடைக்குக் கூப்பிட்டு, பிளேன்டீ கொடுத்து, அந்த மெட்டை வாசிக்கச் சொன்னேன். அசடு வழியச் சிரித்துவிட்டுக் கல்யாண வீட்டுப் பாட்டு ஒன்றை வாசித்தான். பிளேன்டீயோடு மீன் வைத்த இரண்டு மாலு பணிஸும் வைத்தது என் பிழையாக இருக்கலாம்.

என் மகள் ஷஸ்னாவின் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் இடி மாதிரி ஒரு செய்தி வந்தது. யோகேந்திரன் மாலைதீவுக்குப் போகிறான். ஏதோ ஹோட்டலில் வாசிக்கிற வேலை. கல்யாணத்துக்கு அடுத்த கிழமை பயணம்.

“நல்ல எடம் நானா,” என்றான் என் கடை வாசலில் நின்று. “வாசிக்கிறதுக்கு முந்தியே சாப்பாடு குடுத்துருவாங்களாம். காத்துக் கெடக்க வேண்டியதில்ல.”

அவனுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வாழ்த்துச் சொன்னேன். ஆனால் அவன் பஸ் ஏறிப் போன பிறகு எனக்கு அடக்க முடியாத ஏக்கமாகிவிட்டது. வயிறு நிறைந்த பிறகு வாசிக்கிற இடத்தில் அந்த மெட்டுக்கு என்ன வேலை? அது இங்கே, எங்கள் அடுப்படிப் புகையில்தான் பிறந்தது. அதன் முடிவை நான் கேட்கவேயில்லை. இனி யாரும் கேட்கப் போவதுமில்லை.

கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டேன். வாசிக்க இல்லை, விருந்தாளியாக. என் மனைவி நாச்சியாவுக்கு அதில் பயம்.

“இங்க பாருங்க, மாப்பிள்ள வீட்டாக்கள் பாட்டு கூத்து ஒண்டும் வாணாம் எண்டு சொல்லீக்கிறாங்க. நீங்க கிட்டார்காரன கூப்பிட்டீக்கிறீங்க.”

“அவன் சாப்பிட வாரான் நாச்சியா. கிட்டார்காரனுக்கு வாய் இல்லயா?”

“ஒங்கட புத்தி எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அல்லாஹ் அறிய அப்போது என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. இத்தனை காலமும் கடைசியில் சாப்பிட்டவன் ஒரு நாளாவது முதலில் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தேன். எங்கள் விருந்தில் சஹன் வைப்போம். ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேரும் வந்து அமர்ந்தால்தான் கை வைப்பது. மாப்பிள்ளையின் வாப்பா உட்காரும் சஹனிலேயே யோகேந்திரனுக்கு ஒரு இடம் வைத்தேன். அவன் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான் என்பதால் அந்த ஒரு சஹனுக்குக் கோழி மட்டும் வைக்கும்படி சமையல்காரர் இப்ஹாமிடம் சொல்லியிருந்தேன்.

நிக்காஹ் முடிந்தது. பாய்களில் ஆட்கள் அமர்ந்தார்கள். நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கல்யாணத்தில் முன்வாசலில் நின்றேன், புதுச் சட்டையின் கழுத்து அறுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தேன். யோகேந்திரன் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமத் ஹாஜியாரும் இன்னும் நான்கு பேரும் கைகழுவிவிட்டு, மூடிய தட்டைச் சுற்றிக் காத்திருந்தார்கள். வாசலைப் பார்த்தேன், வீதியைப் பார்த்தேன். பலாபத்வல பஸ் போய்விட்டது, அதிலும் அவன் இல்லை.

அப்போது பின்பக்கமிருந்து அந்தக் கட்டைவிரல் நடை கேட்டது.

முட்டாள்தனம் என்னுடையது. அவனுக்குக் கல்யாண மண்டபத்தின் முன்வாசல் எங்கே என்று எப்படித் தெரியும்? நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அடுப்புகளுக்குப் பக்கத்தில், கவிழ்த்த சோடாப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். மடியில் கிட்டார். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தான்.

“கிட்டார் எதுக்கு யோகன்? சாப்பிடத்தானே கூப்பிட்டேன்?”

“கல்யாணத்துக்கு வெறுங்கையோட எப்படி நானா வாறது?”

அவன் விரல்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. இப்ஹாம் ஒரு கோப்பையில் சோறு போட்டு, கோழித்துண்டு வைத்து, அவனிடம் நீட்டப் போனார். வாசிக்க வந்தவன் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார்.

நான் பாய்ந்து அந்தக் கோப்பையை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இப்ஹாம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். இன்றைக்குச் சாப்பாடு என் கையில். நான் கொடுத்தால்தான் வரும். மெட்டு ஏறத் தொடங்கியது.

என் மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்தான். “மச்சான், ஹாஜியார் கையக் கழுவிட்டு ஈக்கிறார். சோறு ஆறுது!”

“ரெண்டு நிமிஷம்.”

“கிட்டார் சத்தம் உள்ளுக்குக் கேக்குது!”

“கேக்கட்டும். போங்க.”

மெட்டு அந்த இடத்துக்கு வந்தது. விரல் தயங்கியது. கோப்பையின் சூடு என் உள்ளங்கையைச் சுட்டது. இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் இறங்கவில்லை. திரும்பத் தொடக்கத்துக்குப் போனான். மறுபடியும் ஏறினான், அதே இடம், மறுபடியும் திரும்பினான். பிறகு கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னும் சாப்பாடு ஆகலயா நானா?”

“அதுக்குப் பொறகு?” என்றேன். “அந்த இடத்துக்குப் பொறகு என்ன யோகன்?”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம்.

“தெரியலயே நானா. எப்பவும் அந்த எடத்துல சாப்பாடு வந்துருமே.”

இத்தனை வருஷமாக அந்த முடிவு அவனிடம் இருக்கிறது, கோப்பைக்காரன்தான் அதைத் தடுக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று இருக்கவேயில்லை. இல்லாத ஒன்றுக்காக, என் மகளின் கல்யாணத்தில், பசித்து வந்த ஒரு விருந்தாளிக்குச் சோற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கோப்பையை இப்ஹாமிடமே கொடுத்துவிட்டு, யோகேந்திரனின் கையைப் பிடித்தேன். சுற்றிக்கொண்டு போய் முன்வாசல் வழியாகவே உள்ளே கூட்டிப்போனேன். அவன் செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் தடுமாறினான்.

ஹாஜியார் தானே நகர்ந்து இடம் விட்டார்.

“வாங்க, ஒக்காருங்க. ஒங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டு இருக்கிற.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “பவாஸ், பின்னுக்கு என்னமோ சத்தம் கேட்டிச்சே?”

“ஜெனரேட்டர் ஹாஜி,” என்றேன்.

அவர் தாடிக்குள் சிரித்தாரா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

“நல்ல ஜெனரேட்டர்,” என்றார். “பிஸ்மில்லாஹ்.”

மூடியைத் திறந்தார்கள். ஆறு கைகள் சோற்றுக்குள் போயின. நான் பெண்ணின் வாப்பா, உட்காரக் கூடாது. தண்ணீர் ஜக்கோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன். யோகேந்திரன் முதலில் கூச்சப்பட்டு ஓரத்துச் சோற்றை மட்டும் கிள்ளினான். ஹாஜியார் ஒரு கோழித்துண்டைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினார். அதன் பிறகு நன்றாகச் சாப்பிட்டான்.

வலது கை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சப்பணமிட்ட முழங்காலின் மேல் சும்மா கிடந்த இடது கையை அப்போதுதான் கவனித்தேன். கம்பிகளை அழுத்துகிற கை அதுதான். விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பார்த்துப் பார்த்துப் பழகிய அசைவு எனக்கு, உடனே தெரிந்துவிட்டது. மெட்டு ஏறியது. அந்த இடத்துக்கு வந்தது. விரல் தயங்கியது.

சாப்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது. நிறுத்த ஒன்றுமில்லை. விரல்கள் மேலே போயின, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு பக்கமாகத் திரும்பின, மெதுவாக, ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் சுண்டுவிரல் முழங்காலை அழுத்திப் பிடித்தபடி நின்றது, பிறகு விட்டுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. சுற்றிலும் ஆட்கள் கறி கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள்.

நான் குனிந்து அவன் காதருகே கேட்டேன். “யோகன், முடிஞ்சுதா?”

“இல்ல நானா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுறேன். சோறு நல்லாருக்கு,” என்றான்.

அடுத்த கிழமை அவன் போய்விட்டான். கடல் தெரிகிற ஒரு படம் அனுப்பினான், அதில் முழுசாக இருக்கிறான், இரண்டு தோளும் தெரிகிறது. நான் வழக்கம்போல் மண்டபங்களுக்குப் பின்னால் ஜெனரேட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆளில்லாத நேரத்தில் இடது கையை முழங்காலில் வைத்து, அன்று பார்த்தபடி விரல்களை அசைத்துப் பார்ப்பேன். தயங்குகிற இடம் வரை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுண்டுவிரல் எங்கே போனது என்பது மட்டும் எனக்கு ஞாபகமில்லை.