பேரல் மேல் போட்ட பழி

சனிக்கிழமை மதியம் மச்சானின் கடைக்குள் அவன் தன் துப்பாக்கியின் பேரலைத் திட்டிக்கொண்டேதான் நுழைந்தான். சனியன், குண்டை உள்ளேயே உடைக்கிறது, பாதி தூரம்கூடப் போக விடுவதில்லை என்று ஒரே புலம்பல். மச்சான் கடையில் விற்பதெல்லாம் பெயின்ட்பால் சாமான்கள்: சாயம் அடைத்த குண்டுகள், அவற்றைக் காற்றால் சுடும் மார்க்கர் துப்பாக்கிகள், அவற்றின் குழலான பேரல்கள், முகமூடிகள், சிலிண்டர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு வெளியே காட்டில் இரண்டு அணியாகப் பிரிந்து, புதருக்குப் புதர் பதுங்கி, ஒருவரை ஒருவர் சாயத்தால் அடித்துக்கொள்ளும் கூட்டத்துக்கு இந்தக் கடையை விட்டால் வேறு கதியில்லை. கழுதை வயசில் இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று அவரவர் வீட்டில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். கூட்டாளிகள் அவனுக்கு ஆந்தை என்று பேர் வைத்திருந்தார்கள்; அரையிருட்டுப் புதரில் ஓர் இலை அசைந்தாலும் பார்த்துவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆந்தை, கொஞ்ச காலமாக இடது பக்கம் யார் வந்தாலும் தெரியாமல், முதல் ஆளாக அடிவாங்கி வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. அவன் சுடும் குண்டுகளும் ஆள்மேல் போய்ச் சேராமல் நடுவழியிலேயே சிதறின.

பேரல்தான் காரணம். பேரலாகத்தான் இருக்க வேண்டும். பேரல் இல்லையென்றால் கண். கண் என்றால் லைசென்ஸ் போச்சு, பஸ் போச்சு, வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவன் பெண்டாட்டியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணை மூடிப் படுத்தால் மட்டும் அந்தப் பயம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடவுளே, பேரல் மேலேயே குற்றம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அன்றைக்குக் கடைப்படி ஏறினான்.

மச்சான் அவன் பெண்டாட்டிக்கு அண்ணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட்டாளி என்பதால் இரண்டு பேருக்கும் இடையில் வா, போ தான். அவர் பேச்சை வளர்க்காமல் பேரல்கள் அடுக்கிய தட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டை வைத்து ஊதிப் பார்த்தார். ஊதும் முன்னே உருண்டு கீழே விழுந்தால் பேரல் தொளதொளப்பு. மூச்சைப் பிடித்து ஊதியும் நகராவிட்டால் இறுக்கம், அதில்தான் குண்டு உடையும். வைத்த இடத்தில் நின்று, ஓர் ஊதலில் ‘பொக்’கென்று கிளம்ப வேண்டும். மூன்றாவது பேரல் அப்படிக் கிளம்பியது.

அவனுக்கு அது போதவில்லை. இன்னும் நீளமானதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நீளத்தால் குறி ஒன்றும் கூடிவிடாது, சத்தம் வேண்டுமானால் கொஞ்சம் குறையும், காட்டுக்குள் கொடியில் மாட்டிக்கொண்டு முழிப்பாய், வேண்டுமானால் வீட்டில் துணி காயப்போட வைத்துக்கொள் என்றார் மச்சான். அவன் சிரிக்கவில்லை. குண்டைத் தானே தள்ளிக் கொடுக்கும் மோட்டார் வைத்த ஹாப்பர் டப்பா, தொட்டாலே சுடுகிற விசை, புது முகமூடிக் கண்ணாடி என்று கேட்டுக்கொண்டே போனான். இந்த அவசரம் மச்சானுக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். முதலில் இந்தப் பேரலை மாட்டி நாலு குண்டு சுட்டுப் பார், மற்றதைப் பிறகு பேசலாம் என்று கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

பின்கட்டு குறுகலான முற்றம். மேகம் மூடி வெளிச்சம் மங்கிக் கிடந்தது. கடைசியில் சுவரில் சாய்த்து ஒரு பழைய டிரம் மூடி, அதுதான் குறி. பக்கத்து வீட்டு மரம் ஒன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மதில் தாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அவன் மூச்சைப் பிடித்துச் சுட்டான். குண்டு பாதி வழியிலேயே உடைந்தது. மறுபடி சுட்டான், அதுவும் உடைந்தது.

புதுப் பேரலும் இதே லட்சணம்தானா என்று அவன் கத்தினான். மச்சான் மார்க்கரை வாங்கி, பேரலைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியைக் கோத்து இழுத்தார். குண்டு உள்ளே உடைந்திருந்தால் சாயம் பட்டுத் துணி மஞ்சளாக வந்திருக்க வேண்டும். போட்டபடியே வெள்ளையாக வந்தது. அவர் பேரலை மாட்டி, பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்று சுட்டார். டிரம் மூடி ‘டங்’கென்றது.

பிறகு முற்றத்தின் நடுவுக்கு நடந்துபோய் எதையோ கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, இந்தக் குச்சி உனக்குத் தெரியுதா?”

“எந்தக் குச்சி?”

அவன் நடந்து, கிட்டே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. மரத்திலிருந்து தொங்கிய சுள்ளி, முனையில் மஞ்சள் சாயம் சொட்டச் சொட்ட. காட்டில் இத்தனை வாரமும் பேரலைச் சபித்தானே, அத்தனை குண்டும் இப்படித்தான் எதிலாவது மோதி உடைந்திருக்கின்றன.

மச்சான் அவனை டிரம் மூடியையே பார்க்கச் சொல்லிவிட்டு, இடது பக்கமாக வந்து கையை ஆட்டினார். எப்போது தெரிகிறதோ அப்போது சொல் என்றார். அவன் காத்துக்கொண்டே நின்றான். கை கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் சொன்னான்.

“பஸ்ஸுக்குப் பெரிய சைடு கண்ணாடி மாத்தச் சொன்னியாமே. தங்கச்சி சொன்னா. லைட்டும் மாத்தினியாம்.”

“ஆமா.”

“வீட்டு பல்பையெல்லாம் கூட மாத்திட்டியாம்.”

அவன் தலை குனிந்துகொண்டான். கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். பிறகு கெஞ்ச ஆரம்பித்தான். வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் நல்ல டாக்டராகப் பார்த்து எதையாவது செய்துகொள்கிறேன், அதுவரை வெளியே மூச்சு விடாதே, உன் தங்கச்சியையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார் என்றான். கேட்கவே கஷ்டமாக இருந்தது. மச்சான் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“சரி” என்றார் கடைசியில். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாடா என்று எழுந்து போயிருக்க வேண்டியவன், எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து சுள்ளி இருந்த பக்கமாகப் பார்த்தான். இங்கிருந்து அது மறுபடியும் தெரியவில்லை. அந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

“வியாழக்கிழமை ஒரு சின்னப் பொண்ணு வண்டி முன்னாடி குறுக்க வந்துருச்சு மச்சான்” என்றான். “வண்டியில வர்ற ஆயாம்மா கத்தின கத்துல பிரேக்கைப் போட்டேன். நடுவுல ஒரு முழம்கூட இல்ல.”

மச்சான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“இறங்கிப்போய் எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் அதை நிக்க வச்சுத் திட்டினேன். உனக்குக் கண்ணு தெரியாதான்னு கேட்டேன். அது இனிமே பார்த்து வர்றேன் அங்கிள்னு அழுதுச்சு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனும் அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்க்க யாருக்குத்தான் முடியும், மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் சட்டைப்பையைத் துழாவி போனை எடுத்து அவரிடம் நீட்டினான்.

“பள்ளிக்கூட மேனேஜர் நம்பரைப் போட்டுக் குடு.”

“யோசிச்சுக்க மாப்பிள்ளை. ஒரு தடவை சொல்லிட்டா அவ்வளவுதான்.”

“திங்கக்கிழமை காலையில அந்தப் பொண்ணு ரோட்டுல நிக்கும் மச்சான். போடு.”

மச்சான் நம்பரைத் தேடிப் போட்டு, மணி அடித்ததும் போனை அவன் கையில் வைத்தார்.