உம்மான்னு கூப்பிடல

அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகரில் இருந்துகொண்டு ஷம்சாத் நடத்திய தமிழ் இணையதளத்தை இரண்டு வருஷமாக ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அவளும் அவள் கணவன் தஸ்தகீரும்தான். மகள் பஸீலா மூன்றரை வயது வரை வாய் திறக்காமல் இருந்ததையும், தெரபி, அழுகை, துஆ என்று அலைந்து அவளைப் பேசவைத்ததையும் ஒன்று விடாமல் எழுதிவைத்திருந்தாள். அன்று தான் தன்னந்தனியாகத் தவித்த மாதிரி இன்னொருத்தி தவிக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஸ்தகீர் பக்கத்தைத் திறந்து தலைப்பை உரக்கப் படித்தான்.

"'மழலையர் மொழிவளர்ச்சித் தாமதம்: ஓர் அன்னையின் அனுபவப் பகிர்வு.' ஏன் ஷம்சாத், சர்ச் எஞ்சின் என்ன தமிழ் வாத்தியாரா, உனக்கு மார்க் போட?"

கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கிய கை. அவளுக்குச் சுருக்கென்றது. "பின்ன எப்படிங்க எழுதறதாம்?"

"அன்னைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்து அழுதுக்கிட்டே சர்ச் பண்ணியே, என்ன டைப் பண்ணுன?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "புள்ள பேச மாட்டேங்குது. உம்மான்னு கூப்பிடல."

"அதைப் போடு. உன்னை மாதிரி அழறவ அதைத்தான் அடிப்பா."

படித்தவர்கள் சிரிப்பார்களே என்று கூசியது. ஆனாலும் உட்கார்ந்து மாற்றினாள். 'மழலையர்' போய் 'புள்ள' வந்தது, 'அன்னை' போய் 'உம்மா' வந்தது. சாயங்காலத்துக்குள் பக்கம் முழுக்க அவள் வீட்டில் பேசுகிற மாதிரியே ஆகிவிட்டது.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, பஸீலாவை ஸ்கூலுக்குக் கிளப்புகிற அவசரத்தில், வந்தவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று காட்டும் ரிப்போர்ட்டைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது.

'மூணு வயசாச்சு புள்ள இன்னும் உம்மான்னு கூப்பிடல என்ன செய்ய'

ஷம்சாத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. எந்த ஊரோ, யார் பெற்ற பெண்ணோ! மனுஷர்களிடம் சொல்ல முடியாததை ஒரு காலித் தேடல் பெட்டியிடம் கேட்டிருக்கிறாள். அது அவளைக் கோடானுகோடிப் பக்கங்களைத் தாண்டி, கைபிடித்து, இந்த அடுப்படி மேஜைக்குக் கூட்டிவந்துவிட்டதே! அவள் வெகுநேரம் இருந்து படித்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

"யா அல்லாஹ்," என்று அந்த வரியை விரலால் தொட்டாள் ஷம்சாத். "வந்துட்டியாம்மா..."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பஸீலா நிமிர்ந்தாள்.

"உம்மா, ஹூ ஆர் யூ டாக்கிங் டு? வீ ஆர் லேட்!"

ஷம்சாத் திரும்பி மகளையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை கூப்பிடு."