மொக்கைச்சாமி போட்ட ஆறு மார்க்

மதுரையில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் அறுபது எழுபது பேர் தேறுவார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பமாட்டார். அப்பா பேரைச் சொன்னால்கூட ஆதாரம் கேட்கிற கூட்டம் அது. அப்பேர்ப்பட்டவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து நம்பிய ஒரே மனிதர் சிம்மக்கல் மொக்கைச்சாமி.

அவருடைய வேலை இதுதான். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தாள், அட்டை, முதுகு, ஓரம் எல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மார்க்கை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். அவர் மனைவி சீனியம்மாள் புத்தகத்தையும் சீட்டையும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூடு வைக்கிற மிஷினால் நாலு பக்கமும் ஒட்டிக் கொடுப்பாள். உறையைக் கிழித்தால் மார்க் செல்லாது. அதனால் மார்க் வாங்கிய புத்தகத்தை அதற்குப் பிறகு யாரும் படிப்பதில்லை. படிப்பதற்காகத்தானே புத்தகம் என்று இவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

மொக்கைச்சாமிக்கும் காமிக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முப்பது வருஷம் வத்தல் மண்டியில் மிளகாய் தரம் பிரித்தவர். கடைசி இரண்டு வருஷம் விவசாயிகள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். சிவப்புச் சிவப்பாக இருக்கிற வத்தலை அள்ளிப் பார்த்து, “நிறம் மங்கிப் போச்சு, ரெண்டாம் தரம்” என்று ஒதுக்கிவிடுவார். கடைசியில் மண்டிக்காரர் சால்வை போட்டு, மாலை போட்டு, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரு மாதம் மொக்கைச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் சொல்லுக்கு இனிமேல் ஊரில் மதிப்பில்லை என்பது அவருக்குச் சாப்பாடு இறங்காத துக்கமாக இருந்தது.

அப்போதுதான் டீக்கடையில் இரண்டு பேர் ஒரு பழைய காமிக்ஸை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டார்கள். விற்பவன் புதுசு என்றான், வாங்குபவன் குப்பை என்றான். மொக்கைச்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, மோந்து பார்த்து, முகத்துக்கு நேரே பிடித்துப் புரட்டினார். “முதுகு விட்டிருக்கு. ஓரம் நனைஞ்சு காஞ்சிருக்கு. உள்ள பூராம் பழுப்பு. அஞ்சுக்கு மேல பெறாது. இதுக்கா இம்புட்டுச் சத்தம்? ரெண்டு பேரும் வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?” என்றார். இருவரையும் ஒரே மாதிரி வைததால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். தொழில் அன்றைக்கு ஆரம்பித்தது.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. மெட்ராஸில் ஒரு கம்பெனி மிஷின் வைத்து, மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டி, இங்கிலீஷில் சர்டிபிகேட் கொடுத்தது. யார் எதை அனுப்பினாலும் எட்டரை, ஒன்பது என்று வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அள்ளிப் பரிமாறுகிற மாதிரி மார்க் போட்டார்கள். உள்ளூரில் விக்ரம் இருந்தான், கீழக்குயில்குடிப் பையன், இன்ஜினியரிங் படித்தவன். வெள்ளையிலிருந்து பழுப்பு வரை கட்டம் கட்டமாக வண்ணம் அச்சடித்த அட்டையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஏன் இந்த மார்க் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பான். சந்தேகம் கேட்டால் பொறுமையாக விளக்குவான். அதுதான் அவனுக்கு வினையாகிப் போனது. விளக்கம் சொல்கிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது சேகரிப்பவர்களின் துணிபு.

மொக்கைச்சாமி விளக்கவே மாட்டார். ஏழுக்கு மேல் போட்டதாகச் சரித்திரமே இல்லை. “ஏண்ணே ஆறு?” என்று கேட்டால், “பின்ன, அறுபதா போடுவாங்க?” என்பார். அந்தக் கறாரைக் கண்டுதான் எல்லாரும் சொக்கிப் போனார்கள். மொக்கைச்சாமியிடம் ஆறு வாங்கிய புத்தகம், மெட்ராஸில் ஒன்பது வாங்கியதைவிடச் சீக்கிரம் விலைபோனது.

மூன்று வருஷத்துக்கு முன் மாதாந்திரக் கூட்டத்தில் மொக்கைச்சாமிக்கும் விக்ரமுக்கும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டது. சேகரிப்பாளர் குழுவுக்குத் தலைவர் திருவாதவூர் அருள்பாண்டி. ரைஸ் மில் வைத்திருப்பவர். அவருடைய ‘நாலாவது மாலுமி’ என்ற புத்தகத்துக்கு விக்ரம் ஒன்பது போட்டிருந்தான். மொக்கைச்சாமி அதை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “ஆறு. உள்ள பூராம் பழுப்பு. தம்பி, உனக்குக் கண்ணு இருக்கா, வாடகைக்கு எடுக்கணுமா?” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதை யாரோ வாட்ஸாப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். விக்ரம் எங்கே வாயைத் திறந்தாலும் அந்த ஸ்டிக்கர் வந்து விழுந்தது. ஆறு மாதத்தில் மார்க் போடுகிற கடையை மூடிவிட்டு செல்போன் கடைக்கு வேலைக்குப் போனான். அருள்பாண்டி ஒன்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறைப் பெருமையோடு வீட்டு ஹாலில் மாட்டிக்கொண்டார்.

இந்த வருஷம் பங்குனியில் மொக்கைச்சாமிக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இரண்டாவது கண்ணுக்கும் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஆஸ்பத்திரியில கெடந்த ரெண்டு நாள்ல வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டியா?” என்று சீனியம்மாளிடம் கேட்டார்.

“நல்லாயிருக்கே கதை! பால் காய்ச்சுனப்ப அடிச்சது. பன்னெண்டு வருஷமாச்சு.”

வேட்டி வெள்ளையாக இருந்தது. இட்லி வெள்ளையாக இருந்தது. வத்தல் டப்பாவைத் திறந்து பார்த்தார், மிளகாய் ரத்தச் சிவப்பாக இருந்தது. டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. புரை முற்றின கண்ணுக்கு எல்லாமே மஞ்சளடித்துத்தான் தெரியுமாம், ஆறேழு வருஷமாகவே இருந்திருக்குமாம். மொக்கைச்சாமி டப்பாவை மூடி வைத்தார். அன்றைக்கு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

சித்திரை பிறந்ததும் அருள்பாண்டி வந்தார். ‘நாலாவது மாலுமி’யின் உறை வெடித்துவிட்டது, புது உறை போட வேண்டும். “பழைய சீட்டையே உள்ள வச்சிருங்கண்ணே, சாயங்காலம் வாரேன்” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மொக்கைச்சாமி உறையைப் பிரித்துப் புத்தகத்தை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். முதல் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளை. அடுத்த பக்கம், வெள்ளை. இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். சீனியம்மாளைக் கூப்பிட்டு, “இது என்ன நெறம்?” என்றார். “வெள்ளைதான். ஏன், உங்களுக்குத் தெரியலையா?” என்றாள் அவள். பழுப்பு என்று தான் சொன்ன பழுப்பு தன் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. விக்ரம் போட்ட ஒன்பது சரி. நாலு வருஷமாகத் தான் போட்டதெல்லாம் தப்பு. ஒரு பையன் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அருள்பாண்டி வந்தபோது உறைக்குள் புதுச் சீட்டு இருந்தது. ஒன்பது என்று எழுதியிருந்தது. அருள்பாண்டிக்கு முகம் செத்துப்போனது.

“என்னண்ணே இது?”

“அன்னைக்கு என் கண்ணுல புரை இருந்திருக்குப்பா. தாள் பழுப்பு இல்ல. ஒன்பதுக்குத் தகுந்த புக்கு இது.”

“ஒன்பது மெட்ராஸ்காரன் போடுவாண்ணே, உங்ககிட்ட நான் எதுக்கு வரணும்? மொக்கைச்சாமியண்ணன்கிட்ட ஆறு வாங்குன புக்குன்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஒன்பதுன்னா, நான் என்னமோ உங்களைக் கவனிச்சிட்டேன்னுல்ல பேசுவாய்ங்க!”

“உண்மையச் சொல்றேன்யா.”

“உண்மை கிடக்கட்டும். பழைய சீட்டு எங்க?”

மொக்கைச்சாமி தரமாட்டேன் என்றார். அருள்பாண்டி குப்பைக்கூடையிலிருந்து தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மொக்கைச்சாமி எழுந்து நின்றார். தன் சொல்லை நம்பியவர்களுக்குத் தான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைத்தார். கண்ணில் புரை இருந்ததைச் சொன்னார். நாலு வருஷமாகப் போட்ட மார்க் எல்லாம் குறைச்சல் என்றார். எல்லாப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், காசில்லாமல் திருத்தித் தருகிறேன் என்றார். விக்ரம் சொன்னதுதான் சரி, அந்தப் பையனை நான் பேசியது பாவம் என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, “தன் தப்பைச் சபையில ஒத்துக்கிறதுக்கு எம்புட்டுப் பெரிய மனசு வேணும்! இவரை நம்பாம யாரை நம்புறது?” என்றார். மறுபடியும் கைதட்டல். பிறகு அருள்பாண்டி தலைமையில் ஏகமனதாக முடிவு செய்தார்கள். பழைய மார்க் எதையும் தொடக் கூடாது. இனிமேல் போடுவதையும் அண்ணன் பழைய அளவிலேயே போட வேண்டும். “உங்க ஆறு என்னன்னு எங்களுக்குத் தெரியும்ணே. உங்க ஒன்பதை நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?” என்றார் அருள்பாண்டி. விக்ரம் பெயரை அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மொக்கைச்சாமி பஸ் பிடித்துக் கீழக்குயில்குடிக்குப் போனார். விக்ரம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“தம்பி, அன்னைக்கு நீ சொன்னது சரி. நான் பேசுனது தப்பு. என்னைய மன்னிச்சுரு.”

“சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்யா. அளந்துல்ல பாத்தேன்.”

“பின்ன ஏண்டா கடைய மூடுன?”

“நான் சரியா இருந்து என்னய்யா செய்ய? ஆளு வரணும்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மொக்கைச்சாமிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தான். அவனிடம் மிஞ்சியிருந்த நல்ல புத்தகம் அது ஒன்றுதான். அதை விற்றால் நாகமலையில் சொந்தமாக ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றான். “எனக்கு ஏதாச்சும் செய்யிறதுன்னா இதுக்கு ஒரு மார்க் போட்டுக் குடுங்கய்யா.”

மொக்கைச்சாமி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அட்டையில் ஒரு மடிப்பு இல்லை, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. தாள் அவ்வளவு சுத்தம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்த பாவத்துக்குக் கடவுளாகப் பார்த்து வழி காட்டியிருக்கிறார் என்று நினைத்தார். “ஒன்பதரை! என் கையால ஒன்பதரை!” என்று பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

“ஆறு போடுங்கய்யா.”

“என்னடா சொல்ற?”

“நேத்துக் கூட்டத்துல என் பேரைச் சொல்லி அழுதீங்களாம். இன்னைக்கு எனக்கே ஒன்பதரை போட்டா, கெழவரு பரிகாரம் பண்றாருன்னு சொல்லுவாங்க. ஒருத்தனும் வாங்கமாட்டான். ஆறுன்னா இன்னைக்கே போயிரும்.”

மொக்கைச்சாமி பேனாவைப் பிடித்தபடி நின்றார். முப்பது வருஷம் மிளகாய்க்கும் நாலு வருஷம் புத்தகத்துக்கும் அவர் சொன்னதில் எத்தனையோ தப்பு இருக்கலாம், பொய் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணுக்கு எது தெரிந்ததோ அதைத்தான் சொன்னார். இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.

“என்னால முடியாதுப்பா” என்றார்.

“உங்களால கடை போச்சுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லய்யா. இன்னொரு கடை வைக்க ஒரு நம்பர்தான கேக்குறேன்” என்றான் விக்ரம்.

மொக்கைச்சாமி சீட்டில் ஆறு என்று எழுதினார். எழுதும்போது வெட்கத்தில் காது சுட்டது. கையெழுத்து மட்டும் பழக்கத்தில் கம்பீரமாக விழுந்தது.

விக்ரம் சீட்டைப் புத்தகத்தின் மேல் வைத்துப் படம் எடுத்துச் சேகரிப்பாளர் வாட்ஸாப் குழுவில் போட்டான். அவன் பையைத் தோளில் மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. அருள்பாண்டி அனுப்பியிருந்தார். விக்ரம் அதைச் சத்தமாகப் படித்தான்: “அந்தப் பையனுக்குக்கூட ஈவிரக்கம் பாக்காம ஆறுதான் போட்டிருக்காரு. அண்ணனுக்குக் கண்ணு சரியாயிருச்சு. புக்கை நானே எடுத்துக்கிறேன்.”